சேர்ந்து வேலை செய்யப் போகிறவர்கள் சேர்ந்து படிக்கட்டும்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டால், தமிழ்நாட்டில் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், பார்மசி, இயன்முறை மருத்துவம், சித்தா உள்ளிட்ட இந்திய மருத்துவ முறைகள், ஆய்வக நுட்பம், கதிரியக்கம் என்று உடல்நலம் சார்ந்த படிப்புகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பட்டம் தருவது உங்கள் பல்கலைக்கழகம்தான். 1987-இல் சட்டம் இயற்றப்பட்டு 1988-இல் அது செயல்படத் தொடங்கும்வரை, மருத்துவக் கல்லூரிகள் பொதுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்திருந்தன. நோயாளியின் உடலைத் தொடுகிற படிப்புகள் எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது நல்ல முடிவு. விஜயவாடாவில் 1986-இலும், பெங்களூரில் 1996-இலும், நாசிக்கில் 1998-இலும், திருச்சூரில் 2010-இலும் மற்ற மாநிலங்கள் இதே வழியில்தான் தங்கள் பல்கலைக்கழகங்களை அமைத்தன. ஆனால் அந்த முடிவு பாதி வழியில் நிற்கிறது என்பதைச் சொல்லவே இந்த மடல். படிப்புகள் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டன. மாணவர்கள் இன்னும் ஒரே வகுப்புக்குள் வரவில்லை. எம்.பி.பி.எஸ். மாணவரும் பி.எஸ்சி. நர்சிங் மாணவியும் ஒரே நோயாளியைப் பற்றிச் சேர்ந்து யோசித்து, சேர்ந்து ஒரு திட்டம் தயாரித்து, அதற்காகச் சேர்ந்து மதிப்பெண் வாங்கும் கட்டாய ஏற்பாடு நம் பட்டப்படிப்புகளில் இல்லை. படித்து முடித்த பின் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே வார்டில் நிற்கப்போகிறவர்கள், அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளில் ஒருவரையொருவர் முறையாகச் சந்திப்பதே இல்லை. இதை மாற்றும் அதிகாரம் பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது.

இது நல்லுறவு பற்றிய பேச்சு அல்ல, நோயாளியின் உயிர் பற்றியது. ஒரு மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் எழுதுகிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. கூடவே தரப்படும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கு வேறு கணக்கு. மெதோட்ரெக்ஸேட்டைத் தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். மருந்துப் பிழைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் உலகெங்கும் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுகிற மருந்து இது. அந்தச் சீட்டு டாக்டரின் மேசையிலிருந்து பார்மசி ஜன்னலுக்கும், அங்கிருந்து வார்டில் இருக்கிற சிஸ்டரிடமும், கடைசியில் நோயாளியின் மகளிடமும் போகிறது. மருத்துவ மாணவர் அதன் அளவைப் படித்திருப்பார். பார்மசி மாணவர் அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைப் படித்திருப்பார். செவிலிய மாணவி எந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும் என்று படித்திருப்பார். மூவருக்கும் பாடம் தெரியும். ஆனால் பிழையைத் தடுக்கப்போவது “சார், இது வாரத்துக்கு ஒண்ணா, நாளுக்கு ஒண்ணா?” என்ற ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்கிற துணிவும், கேட்டவரிடம் முகம் சுளிக்காமல் சீட்டை வாங்கிப் பார்க்கிற பழக்கமும் எந்தப் பாடத்தில், எந்த ஆண்டில், யாருக்குக் கற்பிக்கப்படுகின்றன? தனித்தனி வகுப்பறையில் இவற்றைக் கற்பிக்கவே முடியாது. கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒரே அறையில் இருந்தால்தான் இரண்டையும் பழகலாம்.

சான்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். அறுவை சிகிச்சை அரங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே மூன்று ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தால் விஷயம் தெளிவாகிறது. உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். அவற்றில் புது தில்லியும் ஒன்று. 2009-இல் வெளியான முடிவுகளின்படி, அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள். சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆயின. அந்தப் பட்டியலில் புதிய மருந்தோ புதிய கருவியோ கிடையாது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும், நோயாளி யார், எந்தப் பக்கம், எந்த அறுவை என்று எல்லோரும் கேட்கும்படி உறுதிசெய்ய வேண்டும் என்பது போன்ற 19 அம்சங்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இத்தகைய பட்டியலைத் தன் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் கொண்டுவந்தது. 101 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டபோது, இறப்பிலோ சிக்கலிலோ சொல்லிக்கொள்ளும்படி எந்தக் குறைவும் இல்லை. அதே போன்ற பட்டியல், அதே போன்ற கட்டங்கள், அதே டிக். அப்படியென்றால் எது வேலை செய்தது? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. அங்கே அறுவை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், செவிலியர், தொழில்நுட்பர் என்று எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் எப்படிப் பேசுவது, எப்படித் தடுத்துக் கேட்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் ஆண்டு இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்தது. அதுவரை பயிற்சி பெறாத 34 மருத்துவமனைகளில் 7 சதவீதம்தான் குறைந்தது. தாளை மட்டும் அனுப்பினால் தாள் நிரப்பப்படும். ஆட்களைச் சேர்த்துப் பழக்கினால்தான் அந்தத் தாளில் எழுதியிருப்பது அறைக்குள் நடக்கும். நம் மருத்துவமனைகளுக்கு எத்தனை சுற்றறிக்கைகள், எத்தனை படிவங்கள் போகின்றன என்பதை நீங்களே அறிவீர்கள்.

பிரசவ அறையிலும் இதே கதைதான். குழந்தை பிறந்ததும் தாயின் உடலுக்கு அடியில் விரிக்கப்படும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பகுதி கூம்பு வடிவப் பையாக இருக்கும், பையின் மேல் மில்லிலிட்டர் கோடுகள் போட்டிருக்கும். வழியும் ரத்தம் பையில் சேரும்போது அளவு கண்ணுக்குத் தெரியும். துணியையும் தரையையும் பார்த்து உத்தேசமாகச் சொல்வதற்கும், 500 என்ற கோட்டை ரத்தம் தொடுவதைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் ஒரு பகுதி மருத்துவமனைகளில் இந்த விரிப்பைப் பயன்படுத்தி, உதிரப்போக்கு தெரிந்தவுடனேயே கருப்பையைப் பிசைந்துவிடுதல், மருந்துகள், நரம்புவழித் திரவம், பரிசோதனை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்தார்கள். 2023-இல் வெளியான முடிவு: கடும் உதிரப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் நேரும் மரணம் ஆகியவை சேர்ந்து, வழக்கமான முறையைப் பின்பற்றிய மருத்துவமனைகளில் 4.3 சதவீதம், விரிப்பைப் பயன்படுத்திய மருத்துவமனைகளில் 1.6 சதவீதம். கோட்டை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். அவர் உடனே தொடங்க வேண்டும். டாக்டர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று நின்றால் அந்த விரிப்பால் பயனில்லை. அவர் தொடங்கிவிட்டார் என்பதை ஓடிவரும் இளம் மருத்துவர் அதிகார மீறலாக நினைக்காமல், நடந்தவரை கேட்டுக்கொண்டு அடுத்ததைச் செய்ய வேண்டும். இந்த இரண்டு பழக்கங்களும் வேலைக்கு வந்த முதல் இரவில் தானாக வந்துவிடாது.

தமிழ்நாடு இதை அறியாத மாநிலம் அல்ல. சொல்லப்போனால், நம் பொதுச் சுகாதாரத்தின் பெருமைகள் எல்லாமே குழுவாகச் செய்த வேலையின் பலன். 2018–20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே 54 பேர். அதற்குப் பின்னால் மூன்று செவிலியர்களை முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்த்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 1994 முதல் தாய் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே தாமதம், எங்கே தவறு என்று விசாரிக்கும் தணிக்கை முறை இருக்கிறது. வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் கிராம சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பெண் சுகாதாரத் தன்னார்வலர், வலிதணிப்புச் செவிலியர், இயன்முறை மருத்துவர் என்று பல தரப்பினர் ஒரே வீட்டு வாசலுக்குப் போகிறார்கள். அரசு ஒரு குழுவை உருவாக்கி வேலைக்கு அமர்த்திவிட்டது. அந்தக் குழுவுக்கு ஆள் தயார்செய்கிற கல்லூரிகளோ இன்னும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே தயார்செய்து அனுப்புகின்றன. பக்கவாதம் வந்து படுத்திருக்கிற ஒருவரின் வீட்டில் சர்க்கரை மாத்திரையும் படுக்கைப்புண்ணும் கை கால் பயிற்சியும் ஒரே கட்டிலில்தான் இருக்கின்றன. பாடத்திட்டத்தில் அவை மூன்று துறைகள், மூன்று தேர்வுகள்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, கல்வியியல் ஆய்வாளர்களிடமிருந்து வருவது, மதிக்கத்தக்கது: மேலே சொன்னவை எல்லாம் வேலையில் இருப்பவர்களுக்குத் தந்த பயிற்சி, மாணவர்கள் சேர்ந்து படித்தால் நோயாளிக்கு நன்மை என்பதற்கு நேரடிச் சான்று எங்கே? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013 மீளாய்வு இந்தத் துறையில் கண்டிப்பான தரத்துக்கு உட்பட்ட ஆய்வுகளாகப் பதினைந்தைத்தான் கண்டது. அவற்றில் ஏழு நல்ல பலனைக் காட்டின, நான்கு கலவையான முடிவைத் தந்தன, நான்கில் பலன் இல்லை. இதை மறைத்துவிட்டு வாதிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். தனித்தனியாகப் படிப்பதுதான் சிறந்தது என்பதற்கு ஒரு சான்றும் கிடையாது. அது யாரும் சோதித்துத் தேர்ந்தெடுத்த முறை அல்ல, வந்து சேர்ந்த முறை. அதைவிட முக்கியம், சான்று போதவில்லை என்றால் அதை உருவாக்க இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தைவிடத் தகுதியான இடம் எது? இத்தனை கல்லூரிகளில் ஒரு பகுதியில் தொடங்கி, மற்றவற்றோடு ஒப்பிட்டு, முடிவு நல்லதோ கெட்டதோ அப்படியே வெளியிடலாம். ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-இல் தன் சுகாதார அறிவியல் புலத்தைத் தொடங்கும்போதே எல்லாப் படிப்பு மாணவர்களுக்கும் பொதுப் பாடம் வைத்தது. 1996-இல் பல படிப்பு மாணவர்கள் மேற்பார்வையோடு சேர்ந்து நடத்தும் வார்டு ஒன்றையே திறந்தது. யாரோ ஒருவர் முதலில் செய்ததால்தான் மற்றவர்களுக்குப் பேச ஆதாரம் கிடைத்தது.

இரண்டாவது, பாடத்திட்டம் எங்கள் கையில் இல்லை, தில்லியில் இருக்கிறது என்பது. மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம், செவிலியத்துக்கு இந்திய நர்சிங் கவுன்சில், பார்மசிக்கு அதன் கவுன்சில், துணை மருத்துவப் படிப்புகளுக்கு 2021 சட்டத்தின்படி தனி ஆணையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலிடம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த மேலிடங்கள் வகுப்பது குறைந்தபட்சத் தரம். எந்த வாரம் யாருக்கு எந்த வார்டில் போஸ்டிங், அகமதிப்பீட்டில் எதற்கு எவ்வளவு எடை, வினாத்தாளில் என்ன வகைக் கேள்வி என்பதில் உங்களுக்கு நிறையவே இடமிருக்கிறது. இன்னும் சொன்னால், மேலிடங்களே வழிவிட்டிருக்கின்றன. 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் நெறிமுறை, தகவல்தொடர்பு ஆகியவற்றுக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறது. அதன் பின் வந்த ‘குடும்பத் தத்தெடுப்பு’த் திட்டத்தில் மருத்துவ மாணவர்கள் முதலாண்டிலிருந்தே சில குடும்பங்களைத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். செவிலிய மாணவிகளும் சமுதாய நலப் பயிற்சிக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு அதே போன்ற தெருக்களுக்குத்தான் போகிறார்கள். 2008-இல் வந்த ஃபார்ம்.டி. என்ற பார்மசிப் படிப்பில் வார்டு ரவுண்ட்ஸ் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே தெருவில், ஒரே படுக்கையருகில் சேர்க்க தில்லியின் அனுமதி தேவையில்லை. நாட்காட்டியை வைத்துக்கொண்டு உட்காரும் பொறுமை தேவை.

கல்லூரிகள் தனித்தனி ஊரில் இருக்கின்றனவே, ஒரு தனியார் நர்சிங் கல்லூரிக்குப் பக்கத்தில் மருத்துவக் கல்லூரி இல்லையே என்பது நடைமுறைக் கேள்வி. உண்மை. ஆனால் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவம், செவிலியம், பார்மசி மூன்றுமே ஒரே நிறுவனத்தின் கீழ் நடக்கின்றன. அங்கே தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியை எடுத்தால், அதன் நிறுவனர் ஐடா ஸ்கடர் அங்கே செவிலியர் பள்ளியைத் தொடங்கியது 1909-இல். மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல். செவிலியர் கல்வியை முன்னால் வைத்து வளர்ந்த நிறுவனம் நம் மண்ணிலேயே, உங்கள் பல்கலைக்கழகத்தின் இணைவிலேயே இருக்கிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் மாவட்டத் தலைநகர்களில் உள்ளன. அந்த ஊர்ப் பெரிய அரசு மருத்துவமனைதான் சுற்றுவட்டார நர்சிங் மாணவர்களுக்கும் பயிற்சிக் களம். மாணவர்கள் ஏற்கெனவே ஒரே கட்டடத்தில்தான் நடமாடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் ஆழமான எதிர்ப்பு வெளிப்படையாகச் சொல்லப்படாதது: இது டாக்டரின் அதிகாரத்தைக் குறைத்துவிடாதா? சிகிச்சைக்கான சட்டப் பொறுப்பு மருத்துவரிடமே இருக்கும், இருக்கவும் வேண்டும். கேள்வி கேட்கப்படுவதால் அந்தப் பொறுப்பு போய்விடாது. கேட்கப்படாமல் போன கேள்விக்குப் பிறகு விசாரணையில் நிற்கப்போவதும் அதே மருத்துவர்தான். மறுபக்கம், செவிலியர் கல்வியாளர்களுக்கு ஓர் அச்சம் உண்டு, அதை நான் கூடுதல் கவனத்தோடு கேட்கிறேன். பொது வகுப்பு என்றால் மருத்துவப் பேராசிரியர் பேசுவார், தங்கள் மாணவிகள் பின்வரிசையில் குறிப்பெடுப்பார்கள், செவிலியம் தனித்துறை என்று பாடுபட்டு நிலைநாட்டியது கரைந்துவிடும் என்ற அச்சம் அது. நியாயமான அச்சம். அதனால்தான் பொது வகுப்பின் பொறுப்பாசிரியர் சுழற்சி முறையில் மாற வேண்டும், படுக்கைப்புண் பற்றிய வகுப்பை எடுப்பவர் செவிலியப் பேராசிரியராக இருக்க வேண்டும், அதில் மருத்துவ மாணவருக்கு மதிப்பெண் போடுபவரும் அவராகவே இருக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ள மருத்துவத் துறைத் தலைவர்களுக்குச் சங்கடமாக இருந்தால், அந்தச் சங்கடமே இந்த வகுப்பு எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டுகிறது.

சித்த மருத்துவக் கல்லூரிகளைப் பற்றியும் ஒரு சொல். நம் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. நோயாளிகள் இரண்டு அறைகளுக்கும் போகிறார்கள். காலையில் சர்க்கரை மாத்திரை, மாலையில் சூரணம். எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கவேண்டிய இரண்டு பேர் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. நோயாளி ஒருவரிடம் சொல்வதை மற்றவரிடம் மறைக்கிறார். எந்த முறை சரி என்ற பழைய வழக்கை இங்கே எடுக்க வேண்டாம். நோயாளி என்னென்ன சாப்பிடுகிறார் என்பதை இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து கேட்டு எழுதப் பழகினாலே, சிறுநீரகமும் கல்லீரலும் காப்பாற்றப்படும்.

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பீர்கள். புதிதாக ஒரு பாடநூலோ ஒரு தாளோ சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. சேர்த்தால் அதுவும் மனப்பாடமாகிவிடும். மாணவர்கள் எதற்கு மதிப்பெண் உண்டோ அதையே படிக்கிறார்கள், எனவே இது தேர்வுக்குள் வர வேண்டும், ஆனால் விடைத்தாள் வடிவில் அல்ல. இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர், செவிலிய மாணவர் ஒருவர், பார்மசி அல்லது இயன்முறை மாணவர் ஒருவர்; டிஸ்சார்ஜ் ஆகப்போகும் ஒரு நோயாளி; ஒரு மணி நேரம். வீட்டுக்குப் போனபின் என்ன மருந்து, என்ன உணவு, எந்த அறிகுறி வந்தால் யாரிடம் வருவது என்று மூவரும் சேர்ந்து திட்டமிட்டு, நோயாளியிடமும் உறவினரிடமும் தமிழில் விளக்க வேண்டும். மூவருக்கும் ஒரே மதிப்பெண். விளக்கியதை நோயாளி திருப்பிச் சொல்ல முடிகிறதா என்பதே அளவுகோல். இதை நடத்தப் புதிய கட்டடம் வேண்டாம், பெரிய நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

உறுப்பினர்களே, அடுத்த கல்வியாண்டுக்கான நாட்காட்டியைத் தயாரிக்க உங்கள் குழுக்கள் தனித்தனியாகக் கூடும்போது, ஒரு முறையாவது எல்லாக் குழுக்களும் ஒரே மேசையில் கூடுங்கள். சென்னை, மதுரை இரண்டு கல்லூரிகளிலும் புதிய மாவட்டக் கல்லூரிகளில் இரண்டு மூன்றிலும் இந்தக் கூட்டுத் தேர்வை அகமதிப்பீட்டின் பகுதியாகத் தொடங்குங்கள். முதல் ஆண்டின் முடிவுகளை, குறைகளோடு சேர்த்து, பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள்.